பச்சையும் பழியும்

கிள்ளானில் வாழும் என் தமக்கையின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பிரிக்ஃபீல்ட்ஸிலுள்ள என் வீட்டிற்கு வந்தான். வெயில் கடுமையாக இருந்த நாள். ஆயினும் முழுக்கைச் சட்டை அணிந்து மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டியிருந்தான். தேநீர் குடித்து முடியும்வரை வேலையைப் பற்றியும் மகளின் பள்ளியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவன், பின்னர் எதுவும் சொல்லாமல் இடக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டி, முன்கையை என் முன்னால் மேசைமீது வைத்தான். அங்கே பச்சை குத்திய ஒரு சூலம். அதன் கீழே சுழியும் எட்டுமாக இரண்டு இலக்கங்கள்.

"மாமா, இதை அழித்துவிடட்டுமா, வேறு படமாக மாற்றிவிடட்டுமா, இல்லை இப்படியே விட்டுவிடட்டுமா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்" என்றான்.

தமிழ்ப்பள்ளியில் முப்பதாண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவனிடம் கேட்கும் கேள்வியா இது? தோல் மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். பச்சை குத்தும் கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். இருவரிடமும் அவன் முன்பே கேட்டுவிட்டான் என்பது பிறகு தெரிந்தது. எப்படி அழிப்பது, எவ்வளவு வெள்ளி செலவாகும் என்பதையெல்லாம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். அழிப்பது முறையா என்பதை அவர்கள் சொல்லவில்லை. அன்று நானும் சொல்லவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அந்த யோசனையே இக்கட்டுரை.

அந்த எண்ணின் கதையை அவன் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். 2008ஆம் ஆண்டில் அவனும் அவன் நண்பர் நால்வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதி இடைநிலைப்பள்ளியை விட்டு வெளியேறினர். ஐவரும் கிள்ளானில் ஒரே மலிவு விலை அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள். ஐவரின் பெற்றோரும் தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்தவர்கள். இனிப் பிரியப் போகிறோம் என்ற ஏக்கத்தில், பள்ளியை முடித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கையில் குத்திக்கொண்டார்கள்.

"2008இன் 08, மாமா. அவ்வளவுதான்" என்றான். சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அவ்வளவுதான் என்று சொன்னால் பொய்யாகிவிடும்" என்றான்.

அதே எண்ணைப் பெயராகக் கொண்ட குண்டர் கும்பல் ஒன்று இருப்பது அந்த வயதிலேயே ஐவருக்கும் தெரியும். எண்ணைப் பார்த்தவர்கள் சற்றே ஒதுங்கி வழிவிடுவார்கள் என்பதும் தெரியும். 17 வயதில் அந்த ஒதுங்கல் இனித்தது. கும்பலில் அவன் ஒருநாளும் சேர்ந்ததில்லை. ஆனால் அதன் நிழலில் சிறிது காலம் நின்று பார்த்தான்.

இந்த ஒப்புதலை அவன் செய்யாதிருந்தால் என் வேலை எளிதாக முடிந்திருக்கும். குற்றமற்ற ஒருவனை உலகம் தவறாகப் படிக்கிறது, உலகம் திருந்தட்டும் என்று இரண்டு வரியில் எழுதி முடித்திருப்பேன். அரைக் குற்றம் உடையவனுக்கு நீதி சொல்வதுதான் கடினம். நம்மிற் பெரும்பாலோர் அந்த அரைக் குற்றத்து வகையினரே என்பதால் இதனை விரித்து எழுதத் துணிந்தேன்.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடு முழுவதும் 'ஓப்ஸ் சந்தாஸ்' என்னும் குண்டர் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. அதே மாத இறுதியில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றுட் பலவற்றுக்கு எண்களே பெயர்: 04, 08, 36 என்பன போல. உறுப்பினர் 40,000க்கும் மேற்பட்டோர் என்றும், அவர்களுள் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்தியர் என்றும் அறிவிக்கப்பட்டது. நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே உள்ள ஓர் இனம் இந்தக் கணக்கைக் காலை நாளிதழில் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காரணங்களை ஆராய்வது வேறொரு கட்டுரையின் வேலை. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றே. அதுவரை சில தெருக்களில் மட்டும் புரிந்த ஓர் எண், அன்றுமுதல் எல்லாருக்கும் புரிந்த எழுத்தாகிவிட்டது. என் மருமகனும் அன்றுமுதல் முழுக்கைச் சட்டைக்கு மாறினான். சாலைச் சோதனைகளில் நின்று விளக்கம் சொன்னான். கைகூடி வந்த வேலை ஒன்று கைநழுவியது.

இவற்றையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். அவனை என் வீட்டு வாசலுக்கு அனுப்பியது வேறொன்று. கிள்ளானில் அவன் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடையின் கல்லாவில் ஒரு மூதாட்டி அமர்ந்திருப்பார். அவருடைய மகன் பல ஆண்டுகளுக்கு முன் குண்டர் சண்டையொன்றில் வெட்டுண்டு இறந்தவன் என்பது அவ்வட்டாரத்தில் யாவரும் அறிந்தது. ஒருநாள் மழையில் நனைந்த சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இவன் பணத்தை நீட்டினான். வாங்க வந்த அம்மையாரின் கை பாதியில் நின்றது. பிறகு மிச்சப் பணத்தை அவன் கையில் கொடுக்காமல் மேசைமீது வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ ஆண்டுகளாக 'தம்பி, தம்பி' என்று அழைத்தவர்.

இதற்கு முதலில் எழும் விடை, 'என் தோல், என் உரிமை' என்பது. இந்த விடையை நான் இகழமாட்டேன். என் பாட்டியிடமிருந்து நான் கற்றது அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து பால்மரக் காட்டில் உழைத்து இந்நாட்டு மண்ணிலேயே மாண்டவர் அவர். இரு முன்கைகளிலும் கோலமும் புள்ளிகளுமாகப் பச்சை. ஊரில் இருந்தபோது குறத்தி குத்திவிட்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இந்தக் கலையின் செய்முறையைக் குறித்துவைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்துத் துணியிற் பொதிந்து திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பார்களாம். பாட்டியும் ஏறத்தாழ இப்படித்தான் சொன்னதாக நினைவு. அகத்தியின் பெயரைக் கேட்டாலே அவருக்கு அந்த வலி நினைவுக்கு வரும்.

1960களில் என் சிற்றப்பா இரயில்வேயில் எழுத்தராகி இதே பிரிக்ஃபீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ் வீடு பெற்றார். அவ்வீட்டுத் திருமணத்துக்குப் பாட்டி வந்தபோது, சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே என்று சொல்லி மணிக்கட்டுவரை நீண்ட இரவிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். கையில் பச்சை இருந்தால் தோட்டத்துக் கூலி என்று நகரத்தார் படித்துக்கொண்ட காலம் அது. பாட்டி அந்த இரவிக்கையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நகை நட்டையெல்லாம் கழட்டிக்கிட்டுத்தானே அனுப்புவீங்க? கட்டை வேகறப்போ என்னோட வர்றது இது ஒண்ணுதான்" என்றார். மணவறைக்கு எதிரே முதல் வரிசையில் கைகள் இரண்டும் தெரியவே அமர்ந்திருந்தார்.

பாட்டி செய்தது சரி. இன்றும் அப்படியே கருதுகிறேன். பார்ப்பவர் தாழ்வாகப் படிக்கிறார் என்பதற்காக ஒருவர் தம் உடம்பை ஒளித்துக்கொள்ள வேண்டியதில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் 1941இல் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயத்தை ஒழிக்க வேண்டும் என்பது. கூலி உயர்வோடு அதையும் ஒரு கோரிக்கையாக எழுதினார்கள். அப்போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானோரும் உண்டு. பாட்டியின் இரவிக்கையும் அந்த மிதிவண்டியும் என் மனத்தில் எப்போதும் அருகருகே நிற்பவை.

ஆனால் பாட்டியின் கையும் அவருடைய கொள்ளுப்பேரனின் கையும் ஒன்றல்ல. பாட்டியின் கோலம் யாரையும் நோக்கிப் பேசவில்லை. நகரத்தார் அதில் தங்கள் இளக்காரத்தைத் தாங்களே எழுதிப் படித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதனால் ஒரு நோவும் இல்லை. மருமகனின் எண்ணோ, பார்ப்பவர் ஒதுங்க வேண்டும் என்று பாதியளவேனும் விரும்பியே குத்தப்பட்டது. அதைப் பார்த்து மிரண்ட அம்மையாரின் அச்சம் கற்பனையில் பிறந்ததன்று. அது ஒரு பிணத்தைக் கண்டு பிறந்த அச்சம்.

ஒரு குறியின் பொருள் குத்திக்கொண்டவருக்கு மட்டும் சொந்தமன்று என்பதை இலக்கண ஆசிரியனாகிய நான் எளிதில் ஒப்புக்கொள்ள வேண்டியவன். சொல்லுக்குப் பொருள் கேட்பவனிடமும் பாதி இருக்கிறது. 'நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை' என்பது ஒரு விளக்கம். அது கேட்டவர் மனத்தில் விழுந்த அடியை எடுத்துவிடாது. அப்படியானால் யார் எந்தப் பொருளில் படித்தாலும் நாம் பணிந்து நம் தோலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. படிப்பவரின் புண் எத்தகையது என்று பார்க்க வேண்டும். செருக்கில் பட்ட கீறலும் புண்தான். பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றின் புண்ணும் புண்தான். இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்பது நியாயமாகாது.

2014இல் இலங்கையில் நடந்ததைச் சொல்லலாம். மேற்கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண்மணி ஒருவர் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தாமரைமேல் அமர்ந்த புத்தரைப் பக்தியினால் குத்திக்கொண்டதாக அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. அவரது கையைக் கண்டவர்களுக்கு எந்த இழப்பும் நேர்ந்ததில்லை. புண்பட்டது அவர்கள் செருக்கு. அந்தப் பெண்மணி தம் கையைத் திருத்த வேண்டியதில்லை.

சுவஸ்திகம் இதைவிடச் சிக்கலானது. நம் கோவில்களிலும் சீனர் கோவில்களிலும் பௌத்த விகாரைகளிலும் பல நூற்றாண்டுகளாக நின்று மங்கலம் சொல்லிவரும் குறி அது. சிங்கப்பூரில் 1951இல் தொடங்கப்பட்ட பள்ளியொன்று செஞ்சுவஸ்திகத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. ஜெர்மனியின் நாஜிக் கட்சி 1920இல் அதைக் கவர்ந்து கொடியில் வைத்துக்கொண்ட பிறகு உலகின் ஒரு பாதிக்கு அது கொலைக்குறியாயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் நாஜிக் குறியைப் பொதுவிடத்தில் காட்டுவதை 2022இல் தடைசெய்தபோது, இந்து, பௌத்த, சமண வழக்குகளுக்கு விலக்களித்தது. சட்டம் அந்தளவில் நன்று. ஆயினும் இங்கிருந்து படிக்கப்போன நம் பிள்ளை ஒருவன், தோளில் சுவஸ்திகத்தோடு மெல்பர்ன் டிராம் வண்டியில் ஏறுகிறான் என்று வையுங்கள். எதிரே, முகாமில் தாய்தந்தையை இழந்த ஒரு முதியவர். அவரிடம் சட்டத்தின் விலக்குப் பிரிவை எடுத்து நீட்டவா முடியும்? அவர் புண் மெய்யானது. ஆனால் அவன் குறியின் வேரும் மெய்யானது. அவன் அதை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த முதியவர் முன்னிலையில் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொள்வான் என்றால் அவனை மெச்சுவேன். கேட்டால் பொறுமையாக விளக்குவான் என்றால் இன்னும் மெச்சுவேன்.

மருமகனின் எண்ணுக்கு அத்தகைய வேர் இல்லை. அது பாதி நட்பு, பாதி வீறாப்பு. அது தொடும் புண்ணோ வேற்று இனத்தாருடையதன்று. நம் வீட்டுத் தாய்மாருடையது. எனவே அது மாற வேண்டியதே என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

வந்தபின்னும் ஒரு தயக்கம். 'மாற வேண்டும்' என்று சொல்லும்போது, படித்தவர்கள் எல்லாரும் சரியாகவே படித்தார்கள் என்று சான்றிதழ் கொடுத்தவனாகிவிடுவேனோ? குறியைப் பார்த்து ஆளை முழுதும் படித்துவிட்டதாக எண்ணும் பழக்கம் இப்பகுதியில் மிகப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1797இல் வங்காளத்தில் இயற்றிய ஒழுங்குவிதியின்படி ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் பெயர், குற்றம், தீர்ப்பு நாள் ஆகியவற்றைப் பச்சை குத்தினார்கள். பின்னர்ச் சென்னை மாகாணமும் அதைப் பின்பற்றியது. அப்படி எழுதப்பட்ட நெற்றிகளோடு கப்பலேற்றப்பட்டவர்கள் பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் வந்து இறங்கினார்கள். தலையெழுத்து என்னும் சொல்லை நாம் உருவகமாகச் சொல்கிறோம். அவர்களுக்கு அது கண்ணாடியில் தெரிந்த உண்மை. அவர்கள் சதுப்பைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கையால் எழுந்தது. தண்டனை தளர்ந்து தொழில் செய்து குடும்பமாக வாழத் தொடங்கியவர்களுட் சிலர் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டார்கள். 1849இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. நீக்கியதும் நெற்றிகள் வெளுத்துவிடவில்லை.

அந்தத் தலைப்பாகையை நாம் பொய் என்போமா? நான் சொல்லமாட்டேன். பிறர் எழுதியதை மறைத்துக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. என் மருமகனுக்கு வேலை மறுத்தவர் அந்த எண்ணைப் படித்தாரா, அதைச் சுமந்த கையின் நிறத்தைப் படித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். அவர்பொருட்டு அவன் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. அந்த அம்மையார்பொருட்டு மாற்றிக்கொள்ளலாம். செயல் ஒன்றுதான், யாருக்காக என்பது வேறு. இந்த வேறுபாட்டை வெறும் சொல்விளையாட்டு என்பார் உளர். முழுக்கைச் சட்டைக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு அது விளையாட்டன்று.

இனி எப்படி மாற்றுவது என்ற கேள்வி. கடைக்காரர் ஒரு நல்ல யோசனை சொல்லியிருந்தார். சுழியை மயிலிறகின் கண்ணாக்கி, எட்டை அதன் வளைந்த தண்டாக்கி, சூலத்தைச் சுற்றித் தோகையைப் படரவிட்டால் ஒன்றும் தெரியாதாம். முருகனுக்கும் உகந்தது. படத்தை வரைந்தும் காட்டியிருந்தார், அழகாகத்தான் இருந்தது. மருமகனின் மனம் அதில் ஒட்டவில்லை. "தைப்பூசத்துக்குப் பத்துமலை போனவன் கணக்காக எல்லாரும் பார்ப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லையே மாமா" என்றான். இன்னொன்றையும் சொன்னான். ஐவரில் ஒருவன் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். "அவனோடு சேர்ந்து குத்தியது இது ஒன்றுதான் மிச்சம்." இதைச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு குறியின்மேல் மறுகுறி இடுவது நம் வரலாற்றில் புதிதன்று. முதற் குலோத்துங்கன் காலத்துக் காளத்திக் கோவில் கல்வெட்டொன்று விந்தையான செய்தி சொல்கிறது. கோவிலைச் சேர்ந்த தேவரடியார் சிலருக்கு அரசு அதிகாரிகள் தவறுதலாக அரண்மனை இலச்சினையைப் பொறித்துவிட்டார்கள். முறையீடு எழுந்தது. அரச ஆணைப்படி அந்த இலச்சினையை அழித்துச் சூலக்குறி பொறித்துத் திரும்ப ஒப்படைத்தார்கள். உரிமை நிலைநாட்டப்பட்டது, கோவிலுக்கும் நிறைவு, அரசனுக்கும் புகழ். அந்தப் பெண்களை யாராவது ஒரு சொல் கேட்டார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. பிற்காலத்தில், 1970களில், எம்.ஜி.ஆர். தம் கட்சியினர் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அப்படிக் குத்திக்கொண்டு பின்னர்க் கட்சி மாறியவர்கள் அந்தக் கையை என்ன செய்தார்கள் என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

தானே விரும்பி மறுகுறி கேட்டவர் நாவுக்கரசர். சமணத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு வாழ்ந்து மீண்டவர், பழைய வாழ்வு தோய்ந்த உடம்போடு உயிர்வாழ ஒப்பாமல், திருத்தூங்கானைமாடத்து இறைவனிடம் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்குமாறு வேண்டினார் என்று சேக்கிழார் பாடுகிறார். (அக்காலச் சமயப் பூசலை இன்று நாம் சுமக்க வேண்டியதில்லை. சமணர் தமிழுக்குச் செய்த தொண்டை மறந்தால் நன்றியில்லாதவர்களாவோம்.) இந்த நிகழ்ச்சியில் என்னைத் தொடுவது ஒன்று. புதுக்குறியைப் பெற்றபின் அவர் பழைய பெயரை ஒளிக்கவில்லை. கழிந்த காலத்தைத் தம் பாடல்களில் தாமே எடுத்துச் சொல்லி வருந்தினார். சேக்கிழாரும் அதை மறைக்கவில்லை. அவர் தோளிலிருந்த சூலம் யாரையும் ஏமாற்றாமைக்குக் காரணம், அவர் வாய் அதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டது என்பதுதான். மயிலிறகு அழகானது, ஆனால் வாய் திறக்காமல் இடப்படும் மயிலிறகு, அந்த அம்மையாரின் பார்வையிலிருந்து தப்புவதற்கான திரை மட்டுமே ஆகும். அவரோ ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

தோலைப் பற்றிய அறிவியலும் இதையே வேறு மொழியில் சொல்வதாக எனக்குத் தோன்றியது. பச்சையின் மை தோலின் உள்ளடுக்கில் சும்மா உறைந்து கிடப்பதில்லை. உடம்பின் காவல் உயிரணுக்கள் அதை அயற்பொருள் என்று விழுங்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்த உயிரணு இறக்கும்போது வெளிப்படும் மையை அடுத்து வரும் உயிரணு எடுத்துக்கொள்கிறது என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் கண்டறிந்தார்கள். குத்திக்கொண்ட நாளில் இருந்த அணுக்கள் மறைந்திருக்கலாம். மை மட்டும் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கைமாறி நிற்கிறது. '17 வயதுப் பையன் செய்ததற்கு முப்பதைத் தாண்டியவன் என்ன செய்வது' என்று மருமகன் ஒருமுறை சலித்துக்கொண்டபோது நான் இதைத்தான் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் நான் வாங்கி வைத்துக்கொண்டே இருக்கிறேன்" என்றான்.

மேலே வேறு படம் குத்தினால் பழைய மை கீழே மறைந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறாம். புதியதும் அதே அடுக்கில்தான் போய்ச் சேர்கிறது. அதனால்தான் மறைக்கும் படம் பழையதைவிடப் பெரிதாகவும் கறுப்பாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. லேசர் ஒளி செய்வது வேறு வேலை. அது மையைப் பொடியாக உடைக்கிறது. உடைந்த துகள்களை உடம்பே சிறிது சிறிதாக எடுத்துச் செல்கிறது. ஒரே நாளில் முடியாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போக வேண்டும். முழுதும் போய்விடும் என்று எவரும் உறுதி சொல்வதில்லை.

இரண்டு வாரம் கழித்து அவனை அழைத்து என் எண்ணத்தைச் சொன்னேன். எண்ணை மாற்றுவது நல்லது. மயிலிறகா லேசரா என்பது உன் விருப்பம். ஆனால் எதைச் செய்வதற்கு முன்னும் அந்தக் கடைக்கு ஒருமுறை போ; சட்டையைச் சுருட்டிக்கொண்டே போ; 2008ஐயும் சொல், இனித்த அந்த வழிவிடலையும் சொல் என்றேன்.

அவன் உடனே ஒப்பவில்லை. "ஆறிக் கிடக்கும் புண்ணை நான் போய்க் கிளறுவதா? என் மனம் லேசாக வேண்டும் என்பதற்காக அந்தப் பாட்டி ஏன் மறுபடியும் அழ வேண்டும்?" என்று கேட்டான். வலுவான கேள்வி. மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு தன்னலம் ஒளிந்திருக்கலாம் என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. "அவர் அழுதால் பேசாமல் நின்று கேள், மன்னியுங்கள் என்று மட்டும் கேட்காதே, அது அவர்மேல் இன்னொரு சுமை" என்று சொன்னேன். அது போதுமான விடைதானா என்பதில் இன்றும் எனக்கு ஐயம் உண்டு. முடிவை அவனிடமே விட்டேன்.

போயிருக்கிறான். கடையில் கூட்டமில்லாத மதிய நேரம். அம்மையார் இறுதிவரை குறுக்கே பேசவில்லையாம், அழவும் இல்லையாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதை எடுக்கிறது வலிக்குமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"வலிக்கும் பாட்டி. குத்தினதைவிட அதிகமா வலிக்குமாம்."

"ம்" என்று சொல்லி, வாங்கிய பருப்புக்கு மிச்சப் பணத்தை முன்போலவே மேசைமீது வைத்தாராம்.

அவன் லேசரையே தேர்ந்தெடுத்தான். எண்ணை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறான். சூலம் இருக்கட்டும், அது அந்த நண்பனுக்கு என்கிறான். இதுவரை இரண்டு முறை போய் வந்தாயிற்று. எட்டின் மேல்வளையம் ஓரளவு மங்கிவிட்டது. சுழி இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. மூன்றாம் முறைக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.